பழைய காரின் எஞ்சினுக்குச் சின்னச் சாமான்: டெல்டாவில் தேடுவதும் மாட்டுவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் இருப்பது 1967ஆம் வருடத்து அம்பாசடர் மார்க் 2. அப்பா வாங்கியது. மன்னார்குடியிலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர், நாகப்பட்டினம் என்று இன்றும் ஓடுகிறது. வண்டியை எங்கே நிறுத்தினாலும் யாராவது வந்து பானட்டைத் திறக்கச் சொல்வார்கள். அவர்கள் வீட்டுக் கொட்டகையிலும் ஒரு பத்மினியோ ஸ்டாண்டர்டு ஹெரால்டோ நிற்கும். அப்படி வந்த கேள்விகளில் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

எந்தக் கடையில் கேட்டாலும் "அந்த வண்டிக்குச் சாமான் வர்றதே இல்ல" என்கிறார்கள். என்ன செய்வது?

வண்டி பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

ஒரு முறை, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவின் முன்பக்கப் பேரிங் கீச்சிட ஆரம்பித்தது. உள்ளூர்க் கடையில் போய், "அண்ணே, அம்பாசடர் டைனமோ பேரிங் இருக்கா?" என்றேன்.

"டைனமோவா? அதெல்லாம் நின்னு முப்பது வருசம் ஆச்சு தம்பி. மெட்ராஸ்லதான் பாக்கணும்."

வீட்டுக்கு வந்து பேரிங்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினேன். ஓரத்தில் இருந்த எண் தேய்ந்து போயிருந்தது. வெர்னியர் வைத்து அளந்தேன்: உள்வட்டம் 17 மி.மீ., வெளிவட்டம் 40, அகலம் 12. மறுநாள் அதே கடைக்குப் போனேன். "அண்ணே, 6203 குடுங்க. ரெண்டு பக்கமும் ரப்பர் சீல் வச்சது." அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பின்னால் கைவிட்டு ஒரு டப்பாவை எடுத்து மேசையில் போட்டார். மோட்டார் ரீவைண்டிங் செய்கிறவர்கள் தினமும் வாங்கும் பேரிங் அது.

பேரிங், ஆயில் சீல், ஓ ரிங், ஃபேன் பெல்ட், ஹோஸ், ஸ்பார்க் பிளக் எல்லாமே அளவால் விற்கும் சாமான்கள். எந்த வண்டியில் உட்காருகிறோம் என்பது அவற்றுக்குத் தெரியாது. ஆயில் சீலுக்கு மூன்று அளவு போதும்: தண்டின் விட்டம், குழியின் விட்டம், தடிமன். பம்ப்செட் சாமான் விற்கும் கடை இல்லாத ஊர் நம் டெல்டாவில் குறைவு. கார் சாமான் கடைக்கு முன்னால் அங்கே போய்ப் பாருங்கள்.

அளக்கும்போது எங்கே தவறு வரும்?

அங்குலத்திலும் மில்லிமீட்டரிலும்தான். அம்பாசடர் எஞ்சின் பிரிட்டிஷ் வழி. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் பி.எம்.சி. பி சீரிஸ், 1489 சி.சி. ஹெரால்டும் அதே நாட்டு வம்சம். இந்த இரண்டிலும் நட்டு போல்ட்டு அங்குலக் கணக்கு. பத்மினி இத்தாலி ஃபியட் 1100 வழி வந்தது, 1089 சி.சி., எல்லாம் மெட்ரிக்.

அம்பாசடரில் அரை அங்குல நட்டுக்கு 13ஆம் நம்பர் ஸ்பேனர் போடுகிறவர்கள் நிறைய. அரை அங்குலம் என்றால் 12.7 மி.மீ. ஸ்பேனர் உட்காரும், கொஞ்சம் லொடலொடக்கும். நாலு முறை கழற்றினால் நட்டின் முனை வட்டமாகிவிடும். ஓர் அங்குல ஸ்பேனர் செட் வாங்கிவிடுங்கள். உங்கள் மெக்கானிக்கிடம் அது இல்லையென்றால், வண்டியோடு அதையும் கொண்டுபோய்க் கொடுங்கள்.

அளக்கும்போது 19.05, 25.4, 12.7 என்று வந்தால் அது அங்குலச் சாமான். கிட்டத்தட்ட அதே அளவில் மெட்ரிக் பேரிங் கிடைக்கிறதே என்று தண்டை எமரி பேப்பரால் தேய்க்காதீர்கள். பேரிங் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். தண்டு போனால் போனதுதான்.

ஸ்பார்க் பிளக்கில் இன்னொரு கண்ணி. மரையின் விட்டம் 14 மி.மீ. என்று பார்த்தால் போதாது, மரையின் நீளத்தையும் பாருங்கள். அம்பாசடர் பி சீரிஸுக்கு 19 மி.மீ. நீள மரை. 12.7 மி.மீ. மரைக்காகச் செய்த எஞ்சின் ஹெட்டும் உண்டு. அதில் நீளப் பிளக்கை இறக்கினால் வால்விலோ பிஸ்டனிலோ இடிக்கலாம்.

வண்டிக்கே உரிய சாமானை எங்கே தேடுவது?

டிஸ்ட்ரிபியூட்டர் கேப், கார்புரேட்டர் ஜெட், வாட்டர் பம்ப் பாடி போன்றவை அளவு சொல்லி வாங்கக்கூடியவை அல்ல. வரிசையாக இப்படிப் போங்கள்.

முதலில் உங்கள் ஊரிலேயே ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருக்கும் பழைய கடைகள். அம்பாசடர் டாக்ஸி ஸ்டாண்டு இருந்த ஊர் எல்லாவற்றிலும் ஒரு மெக்கானிக்காவது பரணில் மூட்டை கட்டி வைத்திருப்பார். போனில் கேட்டால் இல்லை என்பார். நேரில் போய், டீ சாப்பிட்டு, பழைய சாமானைக் கையில் கொடுத்தால் ஏணி வரும்.

அடுத்து திருச்சி. அதற்கும் மேலே சென்னை: புதுச் சாமானுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, கழற்றிய சாமானுக்குப் புதுப்பேட்டை. புதுப்பேட்டைக்குக் காலையிலேயே போங்கள், கையில் பழைய சாமானும் இருக்கட்டும். செல்போன் படத்தைக் காட்டி வாங்கிவந்தால் பாதி நேரம் பொருந்தாது. ஆம்னி பஸ் பார்சலில் திருப்பி அனுப்பியே அலுத்துவிட்டேன்.

அம்பாசடர் உத்தர்பாராவில் 2014 வரை தயாரானது; கொல்கத்தாவில் மஞ்சள் டாக்ஸியாக அதன் பிறகும் ஓடியது. அதனால் அங்கே இன்னும் சரக்கு இருக்கிறது. பத்மினிக்கு மும்பை. ஆனால் அங்கே கடைசியாகப் பதிவான பத்மினி டாக்ஸியின் காலம் 2023 அக்டோபரில் முடிந்துவிட்டது. ஓடுகிற டாக்ஸி இல்லையென்றால் சாமான் கடையும் மெல்ல வேறு வியாபாரத்துக்குப் போய்விடும். பத்மினி வைத்திருப்பவர்கள் தள்ளிப்போடாமல் வாங்கி வைப்பது நல்லது.

கடையில் அம்பாசடர் என்றதும் டீசல் சாமானை எடுத்து நீட்டுவார்கள். பின்னால் வந்த 1.8 லிட்டர் இசுசு எஞ்சினின் சாமானும் அதே அலமாரியில்தான் இருக்கும். இரண்டும் உங்கள் பழைய பெட்ரோல் எஞ்சினுக்கு ஆகாது. முதல் வாயிலேயே "1489 பெட்ரோல்" என்று சொல்லிவிடுங்கள்.

டைனமோவின் பின்பக்கப் புஷ் தேய்ந்துவிட்டது. நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குக் கடைசல் போடுபவரிடம் பித்தளையில் செய்து வாங்கலாமா?

சிரிக்க மாட்டேன், நானே செய்திருக்கிறேன். அவர் கடைந்து கொடுத்த புஷ் நகை மாதிரி இருந்தது. அளவில் ஒரு குறையும் இல்லை. ஆறு வாரத்தில் தேய்ந்து, ஆர்மேச்சர் உள்ளே உரச ஆரம்பித்தது.

குறை அவருடையது அல்ல, உலோகத்துடையது. விளக்குப் பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது. பளபளப்புக்கும் வார்ப்புக்கும் ஏற்றது. சுழலும் தண்டைத் தாங்க செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலம் வேண்டும். அதிலும் இந்த டைனமோ புஷ் தனி ரகம். வெண்கலப் பொடியை அச்சில் அழுத்திச் சூடாக்கிச் செய்தது. கண்ணுக்குத் தெரியாத துளைகள் அதற்குள் உண்டு. மாட்டுவதற்கு முன் எஞ்சின் ஆயிலில் 24 மணி நேரம் ஊறப்போட வேண்டும். துளைகளில் ஏறிய எண்ணெய், தண்டு சூடாகும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து உயவு கொடுக்கும். புதுப் புஷ்ஷைப் பாக்கெட்டைக் கிழித்து அப்படியே அடித்து இறக்குவதைத்தான் பட்டறைகளில் பார்க்கிறேன். "ஊறப்போடலையா?" என்று கேட்டால், "இது என்ன சார், இட்லி அரிசியா?" என்கிறார்கள். ஏறக்குறைய அப்படித்தான்.

ஊறிய புஷ்ஷின் உள்பக்கத்தை ரீமர் போட்டுப் பெரிதாக்கக் கூடாது, துளைகள் அடைபட்டுப் போகும். சரியான அளவே வேண்டும். மின்மோட்டார் சாமான் கடைகளில் இந்த ரகப் புஷ் அளவு சொன்னால் கிடைக்கும்.

ஆக்சிலரேட்டர் இணைப்பு மாதிரி லேசாக அசையும் இடங்களுக்குக் கடைசல்காரர் செய்யும் புஷ் தாராளமாகப் போதும். அதற்கு ஒரு துண்டு கன்மெட்டல் ராடு நீங்களே வாங்கிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

காலையில் ஒரே கிராங்கில் ஸ்டார்ட் ஆகிறது, சூடானதும் நின்றுவிடுகிறது. கார்புரேட்டரா?

எல்லோரும் முதலில் கார்புரேட்டரைத்தான் பிரிக்கிறார்கள். என் அனுபவத்தில் முதல் சந்தேகம் கண்டென்சர் மேல் விழ வேண்டும். சுண்டுவிரல் அளவு டப்பா, பிளக்குகளுக்கு மின்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உட்கார்ந்திருக்கும்.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டைத் தாண்டியவர்களுக்கு அந்தக் காத்திருப்பு தெரியும். ஒரு மே மாத மதியம், கேட் மூடி இருபது நிமிடம். எஞ்சினை அணைக்காமல் வைத்திருந்தேன். கேட் தூக்கியதும் கிளட்சை விட்டேன், வண்டி இருமிவிட்டு நின்றது. பின்னால் கும்பகோணம் பஸ், அதற்குப் பின்னால் நெல் லாரி. நாலு பேர் சேர்ந்து ஓரமாகத் தள்ளினார்கள். அரை மணி ஆறவிட்டதும் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது. சூட்டில் கண்டென்சரின் உள்காப்பு விட்டுப்போகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும்.

டிஸ்ட்ரிபியூட்டரின் கேப்பைத் திறந்து பாயிண்ட்டை, அதாவது உள்ளே திறந்து மூடும் தொடுமுனைகளை, லேசாகப் பிரித்து முகத்தைப் பாருங்கள். சாம்பல் நிறமாகச் சீராக இருந்தால் கண்டென்சர் நன்றாக இருக்கிறது. கருநீலமாக எரிந்து, எஞ்சின் ஓடும்போது பாயிண்ட்டில் மஞ்சள் பொறி பறந்தால் மாற்றிவிடுங்கள். மல்ட்டிமீட்டரில் கெப்பாசிட்டி அளக்கும் வசதி இருந்தால் சுமார் 0.2 மைக்ரோஃபாரட் காட்ட வேண்டும். புதிதாக வாங்குவதையும் அளந்துவிட்டு மாட்டுங்கள். பெட்டி பளபளவென்று இருப்பதை நம்பாதீர்கள்.

பாயிண்ட் மாற்றினேன். அதன் பிறகு ஸ்பார்க்கே வரவில்லை.

நூற்றுக்குத் தொண்ணூறு, அந்தச் சின்ன ஃபைபர் வாஷர்தான். லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட்டின் ஸ்பிரிங் ஒரு தண்டில் உட்காரும். அந்தத் தண்டு பாடியோடு சேர்ந்தது, அதாவது எர்த். ஸ்பிரிங்கும், கண்டென்சர் வயரும், காயிலிலிருந்து வரும் வயரும் ஒன்றையொன்று தொட வேண்டும். ஆனால் மூன்றில் எதுவும் தண்டைத் தொடக் கூடாது. நடுவில் தொப்பி மாதிரி ஒரு பிளாஸ்டிக் புஷ்ஷும், அடியில் வாஷரும் வருவது அதற்குத்தான். வாஷரை மேலே போட்டுவிட்டாலோ, வயரின் வளையத்தைத் தொப்பிக்கு வெளியே வைத்துவிட்டாலோ மின்சாரம் எப்போதும் எர்த் ஆகிக்கொண்டே இருக்கும். பாயிண்ட் திறந்ததாகவே காயிலுக்குத் தெரியாது. கழற்றும்போதே ஒரு படம் எடுத்துவிடுங்கள். கழற்றியதை வரிசையாக ஒரு கம்பியில் கோத்து வைப்பது என் பழக்கம்.

பாயிண்ட் இடைவெளி 14 முதல் 16 தௌ (தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது சுமார் 0.4 மி.மீ. பாயிண்ட்டின் ஹீல், அதாவது கேமை உரசும் முட்டு, கேமின் உச்சியில் நிற்கும்போது அளக்க வேண்டும். மாட்டியதும் வெள்ளைத் தாளைப் பாயிண்ட் நடுவில் வைத்து ஒரு முறை இழுங்கள். புதுச் சாமானில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், கறுப்புக் கோடு தாளில் வரும். கேமில் ஒரு துளி கிரீஸ் மட்டும் தடவுங்கள். அதிகமானால் அதுவே பாயிண்ட்டில் தெறிக்கும்.

உள்ளே இருக்கும் நூல் பின்னிய எர்த் வயரையும் விரலால் அசைத்துப் பாருங்கள். வெளியே துணி உறை முழுசாக இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டரைப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. எப்படிச் சோதிப்பது?

பார்வையில் தெரியாது. ரோட்டரை அதன் இடத்திலேயே விட்டு, காயிலிலிருந்து வரும் நடு ஒயரின் முனையை ரோட்டரின் பித்தளை நடுவுக்கு மேல் சில மில்லிமீட்டர் தள்ளிப் பிடித்து, பாயிண்ட்டைக் கையால் திறந்து மூடுங்கள். ஒயரைக் காப்பிட்ட கொறடாவால் பிடியுங்கள், வெறுங்கை வேண்டாம். ரோட்டரில் பொறி விழுந்தால், உள்ளே ரிவெட் வழியாகத் தண்டுக்குக் கசிகிறது. தூக்கிப் போடுங்கள்.

புது டயாஃப்ரம் போட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை, பெட்ரோல் பம்ப் மறுபடி ஒழுகுகிறது. ஏன்?

பெட்ரோல் மாறிவிட்டது. 2025இல் பங்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்ததுதான் வழக்கமாகிவிட்டது. பழைய ரப்பர் அதில் ஊறி உப்பும், அல்லது விறைத்து வெடிக்கும். டயாஃப்ரம், ஊசி வால்வின் முனை, பெட்ரோல் ஹோஸ் மூன்றும் எத்தனால் தாங்கும் ரகமாக இருக்க வேண்டும். ஹோஸுக்கு வைட்டான் என்று கேளுங்கள். விலை கூடுதல்தான். எஞ்சின் சூட்டின் மேல் பெட்ரோல் சொட்டுகிற இடத்தில் கணக்குப் பார்க்க வேண்டாம்.

எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் இரண்டு மாதம் வண்டியை எடுக்காமல் விட்டால் டேங்கின் அடியில் தண்ணீர் தங்கும், கார்புரேட்டர் கிண்ணத்தில் வெள்ளைப் பொடி படியும். மாதம் இரு முறையாவது ஓட்டுங்கள். ஃப்ளோட் ஓட்டையா என்று பார்க்க, அதைக் கழற்றி வெந்நீரில் அமுக்குங்கள். குமிழி வரும் இடம்தான் ஓட்டை. உள்ளே போன பெட்ரோலை முழுக்க வெளியேற்றாமல் பற்றவைப்புக் கோலைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம்.

2000ஆம் ஆண்டிலிருந்து பெட்ரோலில் ஈயமும் இல்லை. பழைய ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு சீட் மெல்ல உள்வாங்கும். டேப்பட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் நடுவே இருக்கும் இடைவெளி, குறைந்துகொண்டே வந்தால் அதுதான். அடுத்த முறை ஹெட்டை இறக்கும்போது கடினச் சீட் போட்டுக்கொள்ளுங்கள்.

பேக்கிங் கிடைக்காவிட்டால் வெட்டிக்கொள்ளலாமா?

ஹெட் கேஸ்கெட் தவிர எல்லாவற்றையும் வெட்டலாம். பேக்கிங் ஷீட்டைப் பாகத்தின் மேல் வைத்து, பால்பின் சுத்தியலின் உருண்டைத் தலையால் விளிம்பில் தட்டிக்கொண்டே போனால் விளிம்பே கத்தரி ஆகிவிடும். அலுமினியப் பாகமானால் பலமாகத் தட்டாதீர்கள், பென்சிலில் தடம் எடுத்துக் கத்திரியுங்கள். டேப்பட் கவருக்குக் கார்க். கார்க் உலர்ந்து சுருங்கியிருந்தால் இரவு ஈரத்துணியில் சுற்றி வையுங்கள், காலையில் படியும். பேஸ்ட்டைப் பற்பசை மாதிரி பிதுக்காதீர்கள். வெளியே வழிந்த அளவு உள்ளேயும் வழிந்திருக்கும், அது ஆயில் வழியை அடைக்கும்.

"நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு சார்" என்று கழற்றிவிட்டார்கள். சரியா?

இல்லை. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் எஞ்சின் தன் சூட்டுக்கு வரவே வெகுநேரம் ஆகும், பெட்ரோல் ஆயிலில் கலக்கும், சிலிண்டர் தேயும். 74 டிகிரி ரகம் நமக்குப் பொருந்தும். பாத்திரத்தில் தண்ணீரோடு அடுப்பில் வைத்து, தெர்மாமீட்டரோடு எப்போது திறக்கிறது என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள். திறக்காமல் இருந்ததைத்தான் அந்தக் காலத்தில் யாரோ கழற்றியிருப்பார். பழி வெயிலின் மேல் விழுந்துவிட்டது.

சூடேறுவதற்கு டெல்டாவில் வேறு காரணம் உண்டு. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுவது. பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் தகட்டு மூடிகளை, அதாவது வெல்ச் பிளக்குகளை, அது உள்ளிருந்தே அரிக்கும். கூலன்ட்டோடு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள்.

எஞ்சினுக்குப் பின்னால் ஆயில் சொட்டுகிறது. எந்த சீலை மாற்றுவது?

பி சீரிஸில் அந்த இடத்தில் சீலே கிடையாது. கிராங்கில் வெட்டிய திருகு மரை ஆயிலை உள்ளே திருப்பித் தள்ளும், அவ்வளவுதான். நிறுத்திய இடத்தில் இரண்டு சொட்டு சகஜம். அடியில் ஓர் அட்டையைப் போட்டுவிடுங்கள்.

டேப்பட் இடைவெளியை நானே வைக்கலாமா?

கட்டாயம். அம்பாசடருக்கு 15 தௌ. எந்த வால்வை எப்போது தொடுவது என்பதற்கு ஒன்பது கணக்கு. முன்னாலிருந்து 1 முதல் 8 வரை எண்ணுங்கள். 8ஆம் வால்வு முழுக்க அமுங்கி நிற்கும்போது 1ஐச் சரிசெய்யுங்கள், 3 அமுங்கினால் 6, 5 அமுங்கினால் 4. கூட்டினால் எப்போதும் 9. ஃபீலர் கேஜ் வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி இல்லாமல், லேசாகப் பிடித்து நகர வேண்டும்.

கஜா புயலிலிருந்து கொட்டகையில் நிற்கிறது. இப்போது ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா?

2018 நவம்பரிலிருந்து நிற்கும் வண்டிக்குப் பேட்டரியை மாட்டிச் சாவி திருப்பாதீர்கள். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் டீசலும் கியர் ஆயிலும் கலந்து இரண்டு ஸ்பூன் விட்டு நாலு நாள் விடுங்கள். பிறகு கையால், ஹேண்டில் போட்டு முன்னும் பின்னும் லேசாக அசைத்துப் பாருங்கள். அசைய மறுத்தால் இன்னும் ஊறட்டும். வண்டியை டிராக்டரில் கட்டி இழுத்துச் சுழலவைத்தால், ஒட்டிய ரிங்கு உடைந்துவிடும்.

சுழன்ற பிறகு ஆயில், டேங்கில் உள்ள பெட்ரோல், ஹோஸ், ஃபேன் பெல்ட், பாயிண்ட் எல்லாம் மாற்றுங்கள். ஏர் கிளீனரைத் திறந்து பாருங்கள். அறுவடைக்குப் பின் எலி குடியேற அதைவிட வசதியான வீடு கிடையாது. எனக்குத் தெரிந்த ஒரு ஹெரால்டில் அரைப்படி நெல் இருந்தது.

எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுவிட்டால் இந்தப் பாயிண்ட், கண்டென்சர் தொல்லையே இருக்காதே?

இருக்காது. தினமும் ஓட்டுபவர் போட்டுக்கொள்ளலாம், பாயிண்ட் உட்காரும் பழைய பிளேட்டைப் பத்திரமாக வைத்துவிட்டு. போடுமுன் பேட்டரியின் எந்த முனை பாடியில் மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். மிகப் பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகளில் பிளஸ் முனை எர்த்தாக இருக்கும், யூனிட் நொடியில் எரியும். ஐம்பது வயது தாண்டிய வண்டியை 2021இல் வந்த விதிப்படி விண்டேஜாகப் பதிய நினைப்பவர்கள் எஞ்சினை மூல வடிவத்திலேயே விடுவது நல்லது. அந்தப் பதிவில் வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி போன்றவற்றுக்குத்தான் என்பதையும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

பிரிக்காத பழைய சரக்கு கிடைத்தால் வாங்கலாமா?

இரும்பு, பித்தளை, பேக்கலைட் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். ரப்பர் என்றால் வேண்டாம். நாற்பது வருடம் பெட்டிக்குள் இருந்தாலும் அதற்கும் வயதாகியிருக்கும்.

வேளாங்கண்ணி வரை போகிறோம். டிக்கியில் என்ன வைத்திருக்க வேண்டும்?

அளந்து பார்த்த ஒரு கண்டென்சர், ஒரு பாயிண்ட் செட், ரோட்டர், ஃபேன் பெல்ட், பம்ப் டயாஃப்ரம், ஒரு மீட்டர் பெட்ரோல் ஹோஸ், கிளிப் நாலு, ஐந்து லிட்டர் தண்ணீர், அங்குல ஸ்பேனர்கள், ஃபீலர் கேஜ், டார்ச். பாயிண்ட்டுக்கான அந்த ஃபைபர் வாஷர் இரண்டு தனியாக, மூடியுள்ள டப்பாவில். விழுந்தால் சாலையோரப் புல்லில் கிடைக்காது. இழுக்க டிராக்டர் எந்த ஊரிலும் கிடைத்துவிடும், கயிறு மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். அவர்கள் கொடுப்பது பெரும்பாலும் மாட்டுக் கயிறு, திருக்குவளை தாண்டுவதற்குள் அறுந்துவிடும்.